உப்பு தங்காத பிள்ளை

பிள்ளையை எடை போட வந்த செவிலியரை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான்தான். அக்கா அனுப்பச் சொன்னாள், மருமகன் தலையசைத்தான் என்றெல்லாம் பிற்பாடு நாங்கள் பேசிக்கொண்டோம். ஆனால் வாசலில் நின்று, "டவுன்லயே எடை பாத்தாச்சும்மா, நல்லா இருக்கு" என்று பொய் சொன்ன வாய் என்னுடையது.

அவர் எங்கள் ஊருக்கும் சுற்று ஊர்களுக்கும் வரும் கிராமச் சுகாதாரச் செவிலியர். ஸ்கூட்டியில் தராசைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். தூளி மாதிரி ஒரு பையில் பிள்ளையைக் கிடத்தி, அதைத் தராசுக் கொக்கியில் மாட்டி நிறுப்பார். துணியை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். எங்களுக்கு அதுதான் பயம்.

நான் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கண்மாய்களில் நீர்மட்டம் அளந்து மேலிடத்துக்கு எழுதி அனுப்புவது என் வேலை. ராமநாதபுரம் மாவட்டத்தில், சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தி முடிவதற்குள் எத்தனை இலை விழுந்தது என்று சொல்லிவிடுவேன். மகள் சின்ன வயதில் இதைச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவன், ஒரு பிள்ளையின் எடை என்ன என்று தெரியாமலே இருந்துவிடத் துணிந்தேன்.

பிள்ளை ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தது. என் மகளுக்கு முதல் பிரசவம். பிறந்ததும் டாக்டரம்மா என்னையும் மருமகனையும் உள்ளே கூப்பிட்டார். பிள்ளையின் உறுப்பு ஆண் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "பையன்னோ பொண்ணுன்னோ இப்ப எழுத வேணாம். மதுரைக்குக் கொண்டுபோயி ரத்தம் பாக்கணும். தள்ளிப்போடாதீங்க" என்றார். முதலில் சொன்னது மட்டும்தான் என் காதில் நின்றது. தள்ளிப்போடாதீங்க என்றதை நான் வாங்கிக்கொள்ளவே இல்லை.

வெளியே வந்தால் வராந்தாவில் எங்கள் ஆட்கள் ஒன்பது பேர். என்ன பிள்ளை என்று ஒன்பது பேரும் கேட்டார்கள். "சுகப்பிரசவம்" என்றேன். "அதக் கேக்கல, என்ன பிள்ளைன்னு கேட்டோம்" என்றார் ஒருவர். என் அக்கா குறுக்கே வந்து, "ஆம்பளப் பிள்ள. போயிக் காப்பித்தண்ணி குடிங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டாள். அக்கா என்றால் என் கூடப்பிறந்தவள், என் மகளுக்கு மாமியார். அவளுடைய கடைசி மகன்தான் என் மருமகன். எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

அப்புறம் வந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது ஒரு சொல். எங்கள் பேச்சில் பச்சைப்பிள்ளையை 'அது' என்போம். அது தூங்குது, அது பால் குடிச்சிருச்சு. அவன் என்றோ அவள் என்றோ வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பிரியத்தில் பெரிய பெண்களைக்கூட அப்படிச் சொல்வோம். எத்தனையோ பேர் வந்து போனார்கள், நான் ஒரு தடவைகூடச் சிக்கிக்கொள்ளவில்லை. அதில் எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மதுரைக்குப் போகலாம் என்று மகள் சொன்னாள். தீட்டுக் கழியட்டும் என்றேன். உண்மையில் தீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நம் பக்கத்து ஆள் எவனாவது பார்த்துவிடுவான் என்ற கவலைதான். இதற்கிடையில்தான் செவிலியர் வந்தார், நான் திருப்பி அனுப்பினேன்.

பிள்ளை பாலைக் கக்கத் தொடங்கியது. பிறகு குடிப்பதையெல்லாம் வாந்தியெடுத்தது. துணி நனைந்துகொண்டே இருந்தது, ஆனால் உடம்பு வற்றிக்கொண்டு வந்தது. அக்கா தூக்கிப் பார்த்துவிட்டு, "உரம் விழுந்திருக்குடா" என்றாள். தூக்கத் தெரியாமல் தூக்கினால் பிள்ளைக்குச் சுளுக்கு விழும், அதனால்தான் கக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்தாள். மறுநாள் காலை பிள்ளை அழவில்லை. மகள் தொட்டுப் பார்த்து, "அய்யா, சில்லுன்னு இருக்கு" என்றாள். அந்தக் குரலை நான் விவரிக்கப்போவதில்லை.

ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தவித்தார்கள். அங்கிருந்து மதுரைக்கு ஆம்புலன்ஸ். மதுரை வார்டில் பதினான்கு கட்டில்கள். எங்களுடையது சுவர் ஓரத்தில் கடைசி.

பிள்ளை கண் விழித்த பிறகு அந்த வார்டின் குழந்தை மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். இளம் வயதுப் பெண். பிள்ளைக்குச் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி ஒன்றில் கோளாறு. அது சுரக்க வேண்டியதைச் சுரக்கவில்லை, அதனால் உடம்பில் உப்பு தங்கவில்லை, எல்லாம் மூத்திரத்தில் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் இருந்திருக்காது. சுரக்கக் கூடாத வேறொன்று வயிற்றில் இருக்கும்போதே அதிகமாகச் சுரந்ததால்தான் வெளி உறுப்பு அப்படி இருக்கிறது. உள்ளே கருப்பை இருக்கிறது. பெண்பிள்ளையாகவே வளர்க்கலாம்.

"தினம் மாத்திரை குடுக்கணும், ஆயுசு முழுக்க. பாலோட அளவா உப்புத்தண்ணி சேக்கணும். காய்ச்சல் வந்தா மாத்திரையக் கூட்டணும். இத விட்டா உயிருக்கு ஆபத்து" என்றார்.

மருமகன் கேட்டான். "அது சரிங்க. அந்த எடத்துக்கு ஆபரேசன் எப்ப?"

"எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். "பொண்ணுன்னா பொண்ணு மாதிரி இருக்கணும்ல டாக்டர்."

"மூத்திரம் ஒழுங்காப் போகுது. வலி இல்ல. அது நோய் இல்லைங்கய்யா, நோய் உப்புதான்" என்றார். குழந்தைகளுக்கு அந்த அறுவையைச் செய்யக்கூடாது என்று நம் மாநிலத்தில் அரசாணையே இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்றால்தான் விதிவிலக்கு என்றும் சொன்னார். நான் விடவில்லை. பிள்ளைக்கு நல்லது எது என்று பெற்றவர்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"சின்ன வயசுலயே செஞ்சிட்டா நல்லதுன்னு சொல்ற டாக்டர்கள் இருக்காங்க, இல்லைன்னு நான் சொல்லல. நானும் ஆரம்பத்துல அப்படித்தான் நெனச்சேன். ஆனா அப்படிச் செஞ்ச பிள்ளைங்க பெருசாகி வந்து உக்காருறாங்க, இதே நாற்காலியில. சிலருக்கு அந்த எடத்துல உணர்ச்சியே இல்ல. சிலருக்குத் தழும்பு இறுகி மறுபடி மறுபடி ஆபரேசன். யாரக் கேட்டுச் செஞ்சீங்கன்னு கேக்குறாங்க. சிலர் ஒண்ணும் கேக்கல, நல்லாத்தான் இருக்காங்க. எது எப்படி ஆகும்னு எனக்கு முன்கூட்டித் தெரியாது. அதனாலதான் அவங்களே வளந்து சொல்லட்டும்ங்கறோம்."

பிறகு கேட்டார். "சொந்தத்துல கல்யாணமா?"

மகள்தான், "என் அத்தை மகன்" என்றாள்.

"வீட்டுல இதுக்கு முன்னால, பிறந்த கொஞ்ச நாள்ல இப்படி வாந்தியெடுத்துப் போன பிள்ள உண்டா?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மூத்தது" என்றாள். "உரம்னு சொன்னாக. அதுக்கும் இப்படித்தான்..." என்று தொடங்கி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்து இறந்தது எனக்குத் தெரியும். அது எப்படி இருந்தது என்று இத்தனை காலத்தில் நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இந்தக் கல்யாணத்தை முடித்தவன் நான். மனைவி இறந்த பிறகு, ஒரே மகள் கண் முன்னால் இருக்க வேண்டும் என்று ஆசை. அவள் அப்போதே தயங்கினாள். "அய்யா, அத்தான் நல்லவுகதான். ஆனா சொந்தத்துல வேணாம்னு காலேஜுல சொல்லிக்குடுத்தாக" என்றாள். நான் விரலை மடக்கி எண்ணிக் காட்டினேன். நம் வீட்டில் முறை மாப்பிள்ளையைக் கட்டியவர்கள் இத்தனை பேர், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இத்தனை, ஒன்றுக்காவது குறை உண்டா என்று கேட்டேன். அவளால் மறுக்க முடியவில்லை. அக்காவின் மூத்த பிள்ளையை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மறைக்க வேண்டும் என்று விட்டதில்லை. எண்ணும்போது அது நினைவுக்கே வரவில்லை. எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

யார் மேலும் தப்பில்லை, தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் அந்தக் கோளாறு ஒளிந்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும், சொந்தத்தில் அதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். தப்பில்லை என்றதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கூடுதல் என்றதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் அக்கா தெருவுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். "பொம்பளப் பிள்ளதான். அந்த ஆசுபத்திரிக்காரி அவசரத்துல மாத்திச் சொல்லிட்டா" என்றாள். "அதெப்படி மதினி, அத மாத்திப் பாப்பாளா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "ஒம் மருமகளுக்கு ரெட்டப் பிள்ளைன்னு சொன்னாளே, ஒண்ணுதான பெறந்துச்சு?" என்று அக்கா திருப்பிக் கேட்க, அவள் போய்விட்டாள்.

மாத்திரையை நாலாக உடைத்துப் பொடித்துப் பொட்டலம் கட்டுவது என் பொறுப்பானது. உப்புத்தண்ணி கலப்பதும் நான்தான். வேறு யாரையும் அந்த டப்பாவைத் தொட விடமாட்டேன். பிள்ளை தேறியது. தவழ்ந்தது, நடந்தது, என் மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை உடைத்தது. இவ்வளவும் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த அறுவை எண்ணம் மறுபடி என் மனதை அரிக்கத் தொடங்கியது.

குளிப்பாட்டும்போது பார்த்துவிடுவேன். பார்த்த ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்ட கேள்வி காதில் விழும், சொந்தத்துல கல்யாணமா என்று. ஒருநாள் மகள் இல்லாத நேரம் நானும் அக்காவும் மருமகனும் பேசினோம்.

"பள்ளிக்கூடத்துல கக்கூசுக்குக் கதவு கெடையாது. ஒரு பிள்ள பாத்தா ஊரே பாத்த மாதிரி" என்றாள் அக்கா. "வயசுக்கு வந்தா தண்ணி ஊத்துறவ பாப்பா. கல்யாணம்னு ஒண்ணு இருக்கு. அந்த டாக்டருக்கென்ன, அது மதுரையில இருக்கு."

"அவளே வளந்து சொல்லட்டும்னாங்களேம்மா" என்றான் மருமகன்.

"ஏலே, காது குத்தும்போது பிள்ளைகிட்டக் கேட்டா குத்துனோம்?"

"காதும் இதும் ஒண்ணாம்மா?"

"பெருசானப்புறம் செஞ்சா வலி தெரியும், வெக்கம் தெரியும். இப்ப செஞ்சா அதுக்கு ஞாபகமே இருக்காது" என்றேன் நான். நல்ல வாதம் என்றுதான் அப்போது நினைத்தேன். மருமகன் மிளகாய் விவசாயம் பார்ப்பவன். அதிகம் பேசமாட்டான், தாய்மாமன் பேச்சைத் தட்டவும் மாட்டான். "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி மாமா" என்று எழுந்து போய்விட்டான்.

வேறொரு மாநிலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்வார்கள் என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார். போனில் பேசினேன். கூட்டிவாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். ரயில் டிக்கெட் எடுத்தேன். மகளிடம், அங்கே சுரப்பிக்கென்றே ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார், மாத்திரை அளவைக் குறைக்க முடியுமா என்று பார்த்துவரலாம் என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். எனக்கு அலைச்சல் கொடுக்கிறோமே என்று வருத்தப்பட்டாள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பக்குவமாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்பது என் ஏற்பாடு. ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வேன் என்பதையும் நான் யோசித்திருந்தேன். பிள்ளையின் தகப்பன் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதுமா என்று அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்திருந்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் மகள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து பொட்டலங்களை எண்ணினேன். எண்ணியதையே மறுபடி எண்ணினேன். போகும் நாள், வரும் நாள், ரயில் தாமதமானால் என்று கூட்டிக் கூட்டிப் பார்த்தும் மனசு ஆறவில்லை. இந்த வியாதிக்காரப் பிள்ளைகளுக்கு அறுவை சமயத்தில் மருந்து பத்தாவிட்டால் உடம்பு சரிந்துவிடும் என்று எங்கோ கேட்டது உள்ளே உருண்டுகொண்டே இருந்தது.

"ஏத்தா, காய்ச்சல்னா ரெண்டு மடங்கு குடுக்கணும்னாங்கல்ல. மயக்கம் குடுத்தா எத்தனை மடங்கு?"

என் வாய்தான் கேட்டது. மகள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தாள்.

"யாருக்கு மயக்கம்?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

"யாருக்கு மயக்கம் குடுக்கப்போறாக, அய்யா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வரவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. "அத்தானுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அத்தைக்கு?" தெரியும் என்றேன். "அப்ப எனக்கும் பிள்ளைக்கும்தான் தெரியாது" என்றாள்.

"உனக்காகத்தான் தாயி. நாளைக்கு நாலு பேரு உன்னக் கேக்கக்கூடாதுன்னு."

"எனக்காகவா? நான் கேட்டேனா? பிள்ள கேட்டுச்சா? ஞாபகம் இருக்காதுன்னு சொல்லியிருப்பீக, எனக்குத் தெரியும் ஒங்க பேச்சு. மூத்திரம் போகுறப்பல்லாம் வலிச்சா அது ஞாபகம் இல்லையா?" மடியிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். "அத்தானக் கட்டி வச்சது தப்பாப் போச்சேன்னு ஒங்களுக்கு இருக்கு. நான் ஒருநாளும் ஒங்களக் கேட்டதில்ல. அது ஒங்களுக்கு இருந்துட்டுப் போகட்டும். அத எம்பிள்ள ஒடம்புலருந்து வெட்டி எடுக்க வேணாம்."

அக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஏலே தம்பி, விடுறா" என்றாள். "நான் ஒண்ண மண்ணுல வச்சிட்டு வந்தவ. இது ஓடித் திரியுது. போதும்டா."

"நீதானக்கா சொன்ன, பள்ளிக்கூடம், கல்யாணம்னு."

"சொன்னேன். இப்ப வேணாங்கிறேன். ஏன், மாத்திச் சொல்றதுக்கு ஆசுபத்திரிக்காரிக்கு மட்டும்தான் உரிமையா?" என்றாள். மகளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மருமகன் வயலிலிருந்து வந்ததும் மகள் அவனிடம் என்ன பேசினாள் என்று தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்காமல், "டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருங்க மாமா" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் எனக்குச் சொன்ன முதல் மறுப்பு அது. அன்று மாலை மகள் மாத்திரை டப்பாவை என் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு தைத்திருக்காது. பிள்ளைக்கு இப்போது அவள்தான் மருந்து கொடுக்கிறாள். வெளியூர் போக வேண்டி வந்தால் கணவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள், என்னிடம் இல்லை.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குக் கதவு இருக்கிறது. மகள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தாள். இந்த வருஷம் ஒருநாள் பேத்தி அவளிடம் எதையோ கேட்டிருக்கிறாள். நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மகள் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன் ஒடம்பு கொஞ்சம் வேற மாதிரி, அதுல தப்பு ஒண்ணுமில்ல, அதப் பத்தி எப்ப வேணாலும் அம்மாட்டக் கேக்கலாம், பெரிய பிள்ளையானப்புறம் எதையாவது மாத்தணும்னு ஒனக்குத் தோணுனா டாக்டர்கிட்டப் போவோம்.

"தோணலைன்னா?"

"போகவேணாம்."

"சரி" என்று பேத்தி விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான். நான் டிக்கெட் எடுத்து, பொய் சொல்லி, ஊர் விட்டு ஊர் போன் பேசித் தீர்க்கப் பார்த்த விஷயம், அந்த அறையில் அவ்வளவு நேரத்தில் முடிந்தது.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒன்று இருக்கிறது. பேத்தி வளர்ந்து, தானே அந்த அறுவை வேண்டும் என்று கேட்கலாம். அது அவள் உரிமை. எனக்கோ அவள் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. கேட்டுவிட்டால், கிழவன் அன்றைக்குச் சொன்னதில் அர்த்தம் இருந்தது என்று ஆகும். அதற்காக ஒரு பிள்ளைக்குக் கஷ்டம் வர வேண்டும் என்று மனதுக்குள் காத்திருக்கிறேன்.

போன வாரம் பேத்தி குளியலறையிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "எங்க வலிக்குது? மூத்திரம் போனா வலிக்குதா?" என்று கேட்டேன். சோப்பு கண்ணில் பட்டிருந்தது. மகள் துண்டால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஏன் அவ்வளவு வேகமாகக் கேட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.